கடைசிப் பெட்டியின் எடை

பொம்மை ரயில் பைத்தியமான தம்பிக்கு மறுநாள் கண்காட்சி. ரயிலோ தண்டவாளம் பிரியும் இடத்தில் ஒவ்வொரு முறையும் குலுங்கியது. அவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துப் பல் மருத்துவரான அக்கா வந்து உட்கார்ந்தாள்.

தண்டவாளத்தைத் துடைத்தாள். சக்கரங்களின் இடைவெளியைச் சரிசெய்தாள். எஞ்சின் மட்டும் போனால் வழுக்கிக்கொண்டு போனது. கடைசிப் பெட்டிதான் முரண்டு பிடித்தது. அதைச் சமையலறைத் தராசில் வைத்தாள். எண்பது கிராம். ஒரு சுற்று ஓடி வந்ததும் தொண்ணூற்றைந்து. அடுத்த சுற்றில் நூற்றுப்பத்து. கூரையைக் கழற்றிக் கவிழ்த்தாள். தூசிகூட விழவில்லை.

"தராசுல கோளாறா இருக்கும்க்கா."

"மத்த பெட்டிக்கெல்லாம் சரியாத்தானே காட்டுது?"

"அப்ப யாரோ ஏறுறாங்க. எறங்கத்தான் எடமில்ல" என்று தம்பி சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை. அட்டையை வெட்டி, தீக்குச்சிக் கால்கள் வைத்து, தண்டவாளம் பிரியும் அந்த இடத்தில் ஒரு நடைமேடை ஒட்டினாள். ரயிலை விட்டார்கள். இம்முறை அது குலுங்கவே இல்லை. பெட்டியை நிறுத்தால் எண்பது கிராம்.

தம்பி நடைமேடையைக் காட்டினான். வெறும் அட்டை நடுவில் வளைந்து, மெல்லத் தொய்ந்துகொண்டிருந்தது.

"பாத்துட்டே நிக்காதடா" என்றாள் அக்கா. "அடியில முட்டு குடு. விழுந்துடப் போறாங்க."