தசரதனின் கட்டை விரல்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைப் பலராமன் தூக்கிப் பிடித்துக்கொள்ள, சுப்பன் மாமா கட்டை அவிழ்த்து தசரதனின் வலது கையை வெளியே இழுத்தார்.

இழுத்த வேகத்தில் நெற்றியில் வைத்திருந்த ஒரு ரூபாய் நழுவிக் காதோரம் விழுந்தது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை.

“சீக்கிரம் மாமா. சாயந்திரம் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் ரோட்ல எறங்கிடும். அதுக்குள்ள எடுத்தாகணும்.”

பலராமன் செத்தவனின் தம்பி. ஆஸ்பத்திரியில் உடம்போடு சேர்த்து அண்ணன் போனையும் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் அவன்தான். போனைத் திறக்க இழுக்கும் கோடு ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். அது திறந்துவிட்டது. உள்ளே பிட்காயின் இருந்த இடம் மட்டும் விரல் கேட்டது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உண்ணாமலை புருஷனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காயின் இருப்பது ஊருக்கே தெரியும். ஒரு கல்யாணப் பந்தியில் தசரதனே சொன்னான், எங்க வூட்ல காயின் இருக்குது, இனிமே எவன்கிட்டயும் கை கட்டி நிக்க வேணாம் என்று. ஆசிரமத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். எந்த வெள்ளைக்காரனோ கொடுத்திருப்பான் என்று ஊர் முடிவு செய்துகொண்டது.

அது வந்த பிறகு அந்த வீட்டில் பேச்சு மாறிப்போனது உண்மை.

சீட்டுப் பிடிக்கும் அருணகிரியிடம், முதல் சீட்டு ஏன் எப்போதும் உனக்கே என்று தசரதனும் அவளும் கேட்டார்கள். கிணற்று நிலம் ஏன் பலராமனுக்கே போனது என்று கேட்டார்கள். பத்திரத்தில் யார் பெயர் என்பதை விட்டுவிட்டு, அதை எழுத வைத்தது யார் என்று கேட்டார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் திமிர் ஜாஸ்தியாகிவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள்.

சுப்பன் மாமா தசரதனின் கட்டை விரலை, பலராமன் ஒரு கையால் நீட்டிய போன் மேல் வைத்து அமுக்கினார். போன் அசையவில்லை.

“உங்கப்பனுக்கு மை தடவி ஒரே அமுக்குதான் அமுக்கினேன். கிணத்து நெலம் உன் பேருக்கு வந்துடுச்சி. இது இன்னாடா, செத்தவன் விரல்னு கண்டுபுடிக்குது!”

வாசலில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

“வென்னி கொண்டாங்க,” என்றார் மாமா.

சொம்பில் வெந்நீர் வந்தது. கட்டை விரலை அதில் முக்கி, துண்டால் துடைத்து, ஊதி, தேய்த்து, மறுபடியும் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து முயலவும் என்றது போன். காத்திருந்து மறுபடியும் முக்கினார்கள்.

உண்ணாமலை ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் கையை விட்டுவிடுவார்கள். சொன்னால் அந்தக் காசுக்குக் காவல் போய்விடும். மகள் பூஜாவை நர்சிங்கில் சேர்க்க அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்கூட தசரதன் அதைத்தான் சொன்னான். எனக்கு ஏதாவது ஆச்சின்னா நீ வாயைத் தொறக்காத.



விறைத்த விரல் சரியாகப் படியவில்லை. மாமா அதைப் பின்பக்கமாக வளைத்தார். சடக்கென்று ஒரு சத்தம் வந்தது.

உண்ணாமலை எழுந்துவிட்டாள்.

“அந்தக் கைய உடுங்க.”

“இரு அண்ணி, உன் பொண்ணுக்காகத்தான பாக்குறோம்.”

“அது அவரு விரலுக்குத் தொறக்காது. ஒரு நாளும் தொறந்ததில்ல.”

பலராமன் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தன் கட்டை விரலை வைத்தாள். திறந்தது.

செங்கம் ரோட்டு விடுதியில் அறை கூட்டுகிறவள் அவள். அங்கே தங்கியிருந்த அர்ஜென்டினாக்காரி ஒருத்தி, மாதக்கணக்கில் தனக்குச் சமைத்துப் போட்டதற்குக் கூலியாக அந்தக் காயினை இந்தப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் ஒரு நாள் காலையில் பேங்க்கைப் பூட்டிவிட்டார்கள், எங்கள் பணத்தை நாங்களே எடுக்க முடியவில்லை என்று சொல்லி அழுதாள்.

உண்ணாமலைக்கு அது புதிதாகப் படவில்லை. அவள் பணம் எப்போதும் பூட்டித்தான் இருந்தது. சம்பளம் புருஷன் கணக்கில். சீட்டு மாமனார் பெயரில். தாய்வீட்டு நகை நாத்தனார் கழுத்தில். யார் மகள், யார் பெண்டாட்டி என்று கேட்காமல் விரலை மட்டும் கேட்டது இது ஒன்றுதான்.

அது முதன்முதலாக அவள் விரலுக்குத் திறந்த அன்றைக்கு அவளுக்கு வந்தது சந்தோஷமில்லை. இத்தனை வருஷம் தன்னிடம் கேட்ட எந்தக் கேள்வியும் தேவையே இல்லை என்று தெரிந்த கோபம். தசரதனிடம்தான் முதலில் கத்தினாள். அவன் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, அவளோடு சேர்ந்து அவனும் கேட்க ஆரம்பித்தான்.

“இது அண்ணனுக்குத் தெரியுமா?” பலராமன் கேட்டான்.

“தெரிஞ்சிதான் பந்தியில பெருமையா சொன்னாரு. யாரோடதுன்னு உங்கள்ல ஒருத்தரும் கேக்கல.”

புருஷனின் கையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மார்பின் மேல் வைத்துக் கட்டினாள். மூடியை அவளே சாத்தினாள்.

பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

பலராமனின் பார்வை கண்ணாடிக்குள் இருந்த கையை விட்டு மெல்ல நகர்ந்து அவள் கைக்கு வந்தது. சுப்பன் மாமாவும் அங்கேதான் பார்த்தார்.

உண்ணாமலை கட்டை விரலை உள்ளே வைத்துக் கையை இறுக மூடிக்கொண்டாள்.