பகீப்

"ஏசி அம்மா வந்தாச்சு. ஆரம்பிச்சிரலாம்" என்றான் மாணவர் திரைப்படச் சங்கத்தின் தலைவன்.

கடைசி வரிசையில், குளிர்காற்று நேராக வந்து விழும் நாற்காலியில் உட்கார்ந்து அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். 'ரஷ்யப் போர்ப்படங்கள், அனைவரும் வரலாம்' என்று கல்லூரி வாசலில் தட்டி வைத்த முதல் வாரத்திலிருந்தே இப்படித்தான். வெளியே வெயில், உள்ளே இலவசத் தூக்கம் என்று மாணவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

கூடவே வரும் அவருடைய கணவர் உள்ளே வருவதில்லை. அரங்குக்குள் சிக்னல் கிடைக்காது என்பார். போனைக் கையில் பிடித்தபடி நடைபாதை பெஞ்சிலேயே இருந்துவிடுவார்.

முதல் வாரம் அரங்கு நிறைந்திருந்தது. இன்று தலைவனையும் சேர்த்து ஏழெட்டுப் பேர். அதில் இருவர் காதலர்கள். அவர்கள் திரையைப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

ஓரமாக ஒரு மேஜைக்குப் பின்னால் 'மைக்கு' உட்கார்ந்திருந்தாள். ரஷ்ய மொழி படிக்கும் மாணவி. வசனத்தைக் காதில் வாங்கி, வாங்கிய சூட்டோடு மைக்கில் தமிழில் சொல்வது அவள் வேலை. அதைச் செய்யத் தொடங்கியதிலிருந்து அவளுடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"இன்னிக்கு யாரு யாரு சாவாங்க?" என்றான் தலைவன், குரலைத் தாழ்த்தி.

"எல்லாரும்."

"அப்புறம் எப்படிக் கூட்டம் வரும்? வாரா வாரம் சாவுச் சேதியாவே சொல்லிக்கிட்டிருக்கே."

"நானா கொல்றேன்? அவங்க சொல்றதைத்தானே சொல்றேன்."

உண்மையில் அவளுக்கே அலுத்துவிட்டது. பனி, பதுங்குகுழி, குண்டு, புகை. பிறகு யாராவது ஒருவர் வந்து 'பகீப்' என்பார். போரில் மாண்டுபோனான் என்று அர்த்தம். அந்தச் சொல் வராத படமே இல்லை. வரும்போதெல்லாம் "செத்துட்டான்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கே தேய்ந்துபோயிருந்தது.

இன்றும் வந்தது. பனியை உதறிக்கொண்டு ஒரு சிப்பாய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான். ஒரு தாய் திறந்தாள். சிப்பாய் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, அவள் மகனைப் பற்றி அந்த ஒரு சொல்லைச் சொன்னான்.

மைக்கு வாயைத் திறந்தாள். வழக்கமான வார்த்தை வரவில்லை. சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தாள். யார் கேட்கப்போகிறார்கள் என்றும் தோன்றியது.

"உங்க பையன் வர இன்னும் கொஞ்ச நாளாகும்" என்றாள்.

திரையில் அந்தத் தாய் வாசற்படியிலேயே சரிந்து விழுந்தாள்.

"அதுக்கு ஏன் இப்படி அழுவுது?" என்றான் காதலன், முதன்முறையாகத் திரையைப் பார்த்து.

"பெத்தவங்க அப்படித்தான்டா. நீ உன் வேலையைப் பாரு" என்றான் தலைவன்.

கடைசி வரிசையில் ஏசி அம்மா கண்ணைத் திறந்திருந்தார்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அவர் நேராக மேஜைக்கு வந்தார். "ஏம்மா, அந்தச் சிப்பாய் பகீப்னு சொன்னானே, அதுக்கு என்ன சொன்னே நீ?"

மைக்குவுக்கு ஆச்சரியமாக இருந்தது. தூங்குகிறவர் வாயிலிருந்து அந்தச் சொல் பிசிறில்லாமல் வந்தது. "எதுக்கும்மா கேக்கறீங்க?"

"எங்க பையன் ரஷ்யாவுக்குத்தாம்மா போனான். சமையல் வேலைன்னு ஏஜென்ட் சொல்லி அனுப்பினான். போனதும் கையில துப்பாக்கியைக் குடுத்துட்டாங்க. அப்புறம் ஒரு நாள் போன் வந்துச்சு, எங்க வீட்டுக்காரருதான் எடுத்தாரு. யாரோ பையன் பேரைச் சொல்லி, பகீப், பகீப்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க."

கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அப்படின்னா என்னன்னு அன்னியிலிருந்து என்னைத் துளைச்சு எடுக்கறாரு. வேற யாரையும் கேக்க விடலை நான். படம் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்னு சொல்லித்தான் இங்க கூட்டிட்டு வர்றேன்."

அசதியில் உளறிய ஒரு வரி. அதை நம்பி இந்த அம்மா ஆயுசுக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தலைவனைத் தேடினாள், அவன் திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சொல்லித்தான் ஆகவேண்டும்.

"அம்மா, என்னை மன்னிச்சிருங்க. நான் சொன்னது தப்பு. களைப்புல ஏதோ சொல்லிட்டேன். அதுக்கு உண்மையான அர்த்தம் வந்து..."

அந்த அம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். முகத்தில் அதிர்ச்சி இல்லை. நெடுந்தூரம் சுமை தூக்கி வந்தவரின் அயர்ச்சிதான் இருந்தது.

"தெரியும்மா. மொத வாரமே நீ சொல்லிட்டியே."

"அப்புறம் ஏம்மா வாரா வாரம் வந்தீங்க?" என்றாள் மைக்கு.

"அந்த வார்த்தை இன்னும் வரலை, இன்னும் வரலைன்னு அவர்கிட்ட சொல்லிச் சொல்லி இத்தனை வாரம் ஓட்டிட்டேன். இனிமே என்னால முடியலை."

கதவு திறந்தது. கணவர் தலையை மட்டும் நீட்டினார். "இன்னிக்காவது வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுங்க. உள்ள வாங்க, இந்தப் பொண்ணுக்கு அர்த்தம் தெரியுமாம்" என்றார் அந்த அம்மா. கணவர் நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வருவதற்குள், அந்த அம்மா மைக்குவின் காதருகே குனிந்தார்.

"இன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லிடும்மா."