மணிக்கு எழுநூறு லிட்டர்

"வால்வை மறுபடியும் திறந்து வெச்சிருக்கீங்களா?"

சிவபிரகாஷ் கேட்டதும், மிஷினைப் பார்த்துக்கொள்ளும் ஜோதிகா தலைகுனிந்தாள். பக்கத்தில் முதலாளி மாரப்பன் நின்றிருந்தார்.

பனியனில் படம் அச்சிடும் கம்பெனி அது. அச்சுச் சட்டங்களில் மையைக் கரைத்துக் கழுவி அழுக்கான சால்வென்ட்டைக் கொதிக்கவைப்பார்கள். ஆவி கண்டன்சருக்குள் போய், சுற்றி ஓடும் தண்ணீரில் குளிர்ந்து, சுத்தமான சால்வென்ட்டாகச் சொட்டும்.

அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட்டவன் சிவபிரகாஷ். இன்ஜினியராகச் சேர்ந்து மூன்று வாரம். மணிக்கு எழுநூறு லிட்டர். வால்வில் பெயின்ட்டால் கோடும் போட்டிருந்தான்.

"மீட்டர் ஆயிரத்து நானூறு காட்டுதுங்க. அத்தனையும் காசு குடுத்து வாங்குற லாரித் தண்ணி. நேத்து மத்தியானமும் இப்படித்தான்," என்றான் மாரப்பனிடம்.

"ஏம்மா, இன்ஜினியர் போட்ட கோடு கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"மறந்துட்டேன் சார்."

"தினமும் மத்தியானத்துல மட்டும் மறக்குமாக்கும்." மாரப்பன் சிரிக்கவில்லை. "இப்பச் செக்கிங் டேபிளுக்குப் போங்க. சனிக்கிழமையோட நின்னுக்குங்க."

ஜோதிகா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

சிவபிரகாஷே வால்வைக் கோட்டுக்குத் திருப்பினான்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நெடி மூக்கில் ஏறியது. அச்சு மேஜையில் இருந்த பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கண்டன்சரைத் தொட்டான். கை சுட்டது. தண்ணீர் வரும் குழாயும் வெதுவெதுப்பாக இருந்தது.

முதலில் ஹீட்டரை அணைத்தான். பிறகு தகரக் கூரை மேல் ஏறி, கறுப்புத் தொட்டியில் தெர்மாமீட்டரை விட்டான். முப்பத்துநாலு டிகிரி.

அவன் கணக்கில் இருபத்தெட்டு. காலை ஏழு மணிக்கு, லாரி வந்து ஊற்றிவிட்டுப் போன கையோடு அளந்தது.

இறங்கும்போது மாரப்பன் கீழே நின்றிருந்தார். "ஏனுங்க, மிஷினை நிறுத்திட்டீங்க?"

"ஆவி வெளிய வருதுங்க. என் கணக்குதான் தப்பு. ஜோதிகா விட்ட தண்ணிதான் சரி. அவங்களைத் திரும்பக் கூப்பிடணுங்க."

மாரப்பன் தலையாட்டினார். "நீங்க சொன்னாச் சரிங்க."

சிவபிரகாஷ் நேராகச் செக்கிங் டேபிளுக்குப் போனான்.

"தெரிஞ்சும் ஏங்க சொல்லலை?"

"மத்தியானம் தண்ணி சுடும்னு மொத நாளே சொன்னேன்ல சார். கணக்கு பொய் சொல்லாதுன்னீங்க."

சொன்னது ஞாபகம் வந்தது.

"முதலாளிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே? வேலையே போயிருக்கும்."

ஜோதிகா கையிலிருந்த பனியனை மடித்து வைத்தாள்.

"போன இன்ஜினியரை நாங்கதான் சார் முதலாளிகிட்டத் தப்பு தப்புன்னு சொல்லி, மதிப்பில்லாமப் பண்ணிட்டோம். ஒருநாள் ஆவி கசியுது, நிறுத்துங்கன்னு அவரு தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. முதலாளி அவரு பேச்சை மதிக்கலை. எங்க சின்னத்தாயக்கா மயங்கி விழுந்துட்டாங்க. இன்னைக்கு நீங்க நிறுத்துனதும், சரின்னுட்டாருல்ல?"