கிறுகிறுப்பு

"பிரஷர் மாத்திரையை ஒழுங்கா குடுக்கறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டதும் மருமகளுக்குச் சுருக்கென்றது.

"டிபன் முடிஞ்சதும் நானே குடுத்து, முழுங்கற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன் டாக்டர்."

"அப்புறம் ஏன் பிரஷர் இப்படி இறங்கிக் கிடக்கு? பாத்ரூம்ல விழுந்தவர் தலையில அடிபடாம தப்பிச்சதே பெரிய விஷயம்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த மாமனார் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. வயசாகிவிட்டது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"எங்கே, மாத்திரையைக் காட்டுங்க."

அவள் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். அதே சமயம் அவள் கணவனும் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை நீட்டினான். இரண்டும் ஒரே மாத்திரை.

"வாக்கிங் முடிஞ்சு வந்ததும் நான் குடுத்துடுவேன் டாக்டர்," என்றான், குரல் உள்ளே போக.

"அப்போ தினமும் ரெட்டை டோஸ். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க மாட்டீங்களா?"

கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்திக்கொண்ட நாளிலிருந்துதான் அவருக்குக் கிறுகிறுப்பு.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே மாமா?"

"எப்படிம்மா சொல்றது? அவன் குடுத்துட்டான்னு சொன்னா, என் மேல நம்பிக்கை இல்லையான்னு நீ ஆரம்பிப்ப. நீ குடுப்பேன்னு சொன்னா அவன் ஆரம்பிப்பான். உங்க சண்டைக்கு இன்னொரு மாத்திரையே தேவலைன்னு முழுங்கிட்டேன்."

அவள் தன் அட்டையைக் கணவன் கையில் வைத்தாள்.

"இனிமே நீங்களே குடுங்க. குடுத்ததும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"தினமுமா?"

"தினமும்."