வண்டியை விட்டு நகராதே

2003ஆம் ஆண்டு நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். ஆஸ்திரேலியாவின் மாரீ என்ற சிற்றூரிலிருந்து வடக்கே பாலைவனத்துக்குள் செல்லும் மண்பாதையின் நூற்றுப் பதினேழாவது கிலோமீட்டரில், முன்மூடியைத் தூக்கி நிறுத்திய வெள்ளை ஜீப்பின் பின்சக்கரத்தில் சாய்ந்து லேன்ஸ் உட்கார்ந்திருந்தான். வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. வண்டியின் குறுகிய நிழல் அவனுடைய நீண்ட கால்களுக்குப் போதவில்லை.

காலை ஒன்பது மணிக்கு ரேடியேட்டரின் மேல்குழாய் வெடித்து, வெந்நீர் முழுவதும் மண்ணில் கொட்டிப்போயிருந்தது. கையிலிருந்த ஒரே புட்டித் தண்ணீர் பத்து மணிக்குத் தீர்ந்தது. வண்டி நின்றால் முன்மூடியைத் தூக்கிவைத்துவிட்டு அதனருகிலேயே காத்திருக்க வேண்டும். நடக்கத் தொடங்கியவர்கள் பிணமாகத்தான் கிடைத்திருக்கிறார்கள். அந்தப் பாதையில் அது எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

ஆகவே அவன் காத்திருந்தான். யாரும் வராமல் போய்விடுவார்களோ என்று பயந்தான். யாராவது வந்துவிடுவார்களோ என்றும் பயந்தான்.

வடக்கே புழுதி எழுந்தது. துருவேறிய பிக்கப் வண்டி ஒன்று வந்து நிற்க, அதிலிருந்து எழுபது வயதுப் பெண்மணி ஒருத்தி இறங்கினாள். சிறிய உடம்பு, ஆண்கள் அணியும் அகலத் தொப்பி, இடுப்பில் உறையிட்ட கத்தி. பின்தட்டில் நின்ற சாம்பல்நிற நாய் குரைக்கவில்லை, அவனையே பார்த்தது.

“எட்னா. பக்கத்துப் பண்ணை. பக்கம்னா தொண்ணூறு கிலோமீட்டர். நீ யாரு?”

“லேன்ஸ். தண்ணி... முதல்ல தண்ணி கொடுங்கம்மா.”

தகரக் குவளையில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினான். அவள் குவளையை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

“மடமடன்னு குடிச்சா வாந்திதான் வரும். சாவியைக் கொடு.”

“சாவி எதுக்கு?”

“நான் கையை உள்ளே விட்டிருக்கும்போது நீ எஞ்சினைக் கிளப்பினா, விசிறி என் விரலைக் கொண்டுபோயிடும். இருக்கறதே ஒன்பது விரல்தான், தம்பி.”

சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். பிறகு கத்தியை உருவினாள். குழாய் அதன் நுனியில்தான் கிழிந்திருந்தது. கிழிந்த பகுதியை இரண்டு விரற்கடை அளவுக்கு அறுத்தெறிந்துவிட்டு, நல்ல பகுதியை இழுத்துப் பொருத்தி, இரும்புப் பட்டையைத் திருகி இறுக்கினாள். வேலை நடக்கும்போதே கேள்விகளும் நடந்தன.

“எங்கே போறே?”

“வடக்கே.”

“நீ இந்தப் பாதையில இருக்கேன்னு யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

“உன்கிட்ட ரேடியோ?”

“இல்லை.”

“ஆக, நீ காணாம போனா தேடறதுக்கு ஆளே இல்லே.” கத்தியைக் கால்சட்டையில் துடைத்தபடி அவள் சிரித்தாள். நாய் தட்டிலிருந்து குதித்து, ஓசையின்றி நடந்து, அவனுக்குப் பின்னால் வந்து அமர்ந்தது.

லேன்ஸின் உடம்பில் வியர்ப்பதற்குக்கூடத் தண்ணீர் மிச்சமில்லை. இருந்தும் முதுகு சில்லிட்டது.

எட்னா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையை முன்னுக்கு நகர்த்தவில்லை; அப்படியும் அவளுடைய குட்டைக் கால்கள் மூன்று மிதிகளிலும் சரியாகப் பதிந்தன. சாவியைத் திருப்பி எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தாள், அணைத்தாள், சாவியை மறுபடியும் பைக்குள் போட்டாள். இறங்கியவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை, குழிக்கு அளவெடுப்பதுபோல், நிதானமாகப் பார்த்தாள்.

“எத்தனை வருஷமா வெச்சிருக்கே இந்த வண்டியை?”

“ஆறு வருஷம்.”

“நல்லாத்தான் வெச்சிருக்கே. குழாய் சரியாயிடுச்சு. இனிமே ரேடியேட்டருக்குப் பத்து லிட்டர் ஊத்தணும். என்கிட்ட இருக்கறது என் வழிக்கே காணாது. உன் தண்ணியை எடு.”

“காலையிலேயே தீர்ந்துபோச்சு.”

“ஒரு சொட்டுகூட இல்லையா?”

“இருந்தா நான் ஏன் இப்படி நாக்குத் தள்ளிக் கிடக்கறேன்? என்னைக் கிண்டல் பண்றீங்களா? ஊத்துங்கம்மா, கெஞ்சிக் கேக்கறேன். இல்லேன்னா செத்துடுவேன்.”

“சாக மாட்டே. கொஞ்சம் நகரு.”

அவன் சாய்ந்திருந்த பின்சக்கரத்தருகே அவள் மண்ணில் படுத்து, வண்டியின் வயிற்றுக்கடியில் கையை நீட்டினாள். ஏதோ கிறீச்சிட்டது. அடுத்த கணம், விரல் தடிமனில் தண்ணீர் ஒழுகிச் சிவப்பு மண்ணைக் கறுப்பாக்கியது.

லேன்ஸ் வாய் பிளந்து பார்த்தான். வண்டிக்கடியில் பொருத்திய அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. ஐந்தரை மணி நேரமாக அவன் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் அதன் குழாய் இருந்திருக்கிறது.

எட்னா இரண்டு கேன்களை நிரப்பிக்கொண்டு குழாயை மூடினாள். தூசியைத் தட்டிவிட்டு எழுந்து, தன் தீர்மானத்தை வரிசையாகச் சொன்னாள். ஜீப் இங்கேயே நிற்கும். சாவி அவளுடைய பையிலேயே இருக்கும். தண்ணீருடன் இருவரும் பிக்கப்பில் தெற்கே, அவன் வந்த வழியிலேயே, மெதுவாகப் போவார்கள். நாய் நடுவில் உட்காரும்.

“நான் வடக்கே போகணும்னு சொன்னேனே, அம்மா!”

“இந்த வண்டியோட சொந்தக்காரரும் அப்படித்தான் சொல்லியிருப்பார், அவரை எந்தக் கிலோமீட்டர்ல இறக்கிவிட்டே?”