எட்டுக் கட்டில், ஒரு விரியன்

மலேரியா வார்டின் எட்டுக் கட்டில்களிலும் பாம்பு பிடிக்கிறவர்களே படுத்திருந்தார்கள். கண்ணாடி விரியன் விஷத்தில் செய்த புது மலேரியா மருந்தைச் சோதிக்க, முதலில் சம்மதித்தவர்கள் அவர்கள்தான். பத்து நாள் ஊசி. ஒரே நிபந்தனை: அதுவரை பாம்பைத் தொடக் கூடாது. கடித்தால் விஷமுறிவு மருந்து போட வேண்டும். அது இந்த மருந்தையும் முறித்துவிடும், காய்ச்சல் திரும்பிவிடும்.

ஆறாம் நாள் காலை, மூன்றாவது கட்டிலுக்கு அடியில் ஒரு விரியன் குக்கர் மாதிரி சீறியது.

எட்டுப் பேரும் ஆசையாக எழுந்தார்கள்.

"யாரும் இறங்கக் கூடாது!" என்று கத்தினாள் நர்ஸ் எஸ்தர்.

"அப்ப நீதான் பிடிக்கணும், தாயி," என்றாள் மூன்றாவது கட்டில் மசியம்மா. "பிளம்பர் விட்டுட்டுப் போன குழாய் அங்க கிடக்கு பாரு. அதோட ஒரு முனையில தலையணை உறையைக் கட்டு. இன்னொரு முனையை அதுக்கிட்ட வச்சிட்டு, ஒரு கம்பால பாம்பை மெதுவா குழாய்ப் பக்கம் திருப்பு. இருட்டுன்னு அதுவே உள்ள போயிடும். நாங்க எட்டுப் பேரு இருக்கோம், பயப்படாத."

கால் மணி நேரம் ஆனது. பாம்பு குழாய் வழியே உறைக்குள் போனதும், எஸ்தர் அதை முடிச்சுப் போட்டு இடுப்போடு அணைத்துத் தூக்கினாள்.

"உடம்போட ஒட்டிப் பிடிக்காத, ஆட்டவும் ஆட்டாத," என்றாள் மசியம்மா. "இனி ஒன்பதாவதா ஒரு கட்டில் போட்டா, அதுக்கு வர்றவங்களோட மருந்து அது."