மாமனாருக்குப் பூசிய சாயம்

மருமகள் நியெவு மாமனாரின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கறுப்புச் சாயத்தை அப்பினாள்.

இந்த வயசில் எனக்கெதுக்கும்மா இது, விட்டுடு தாயி என்று கிட்சாவோ கிழவர் கெஞ்சினார். அவள் விடுவதாக இல்லை.

குழாயடியில் நின்ற எங்களுக்கு ஒரே சிரிப்பு. மாமனாருக்குப் பொண்ணு பார்த்தாச்சா என்று ஒருத்தி கேட்டே விட்டாள்.

சாயம் காய்வதற்குள் அவருக்குப் பூப்போட்ட சட்டையை மாட்டி, துணி மூட்டையோடு ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள் பாருங்கள், சிரிப்பு நின்றுவிட்டது. மலிந்தி டவுனுக்குப் போகிற வேனில் ஏற்றப்போகிறாளாம். அங்கே போக்கிடமில்லாத கிழடுகளைச் சேர்த்துக்கொள்ளும் விடுதி இருக்கிறது.

நிலமெல்லாம் அவர் பேரில். கடலோரத்து முதலாளி எத்தனை தடவை கேட்டும் விற்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிற மனுஷன். போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தை காய்ச்சலில் போனதிலிருந்து ஊர் அவரைச் சூனியக்காரன் என்கிறது. காரணம்? தலை நரைத்திருக்கிறதாம்! எங்கள் பக்கத்தில் அந்தப் பேர் விழுந்த கிழவனை வெட்டிப் போட்டாலும் ஏனென்று கேட்க நாதியில்லை. இப்போது சொந்த வீட்டிலும் இடமில்லையா?

மகன் பாயா தங்கமான பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கைப்பிடித்துத்தான் தேவாலயத்துக்கு அழைத்துப் போவான். அவன் வெளியே போன நேரம் பார்த்து இவள் ஆடுகிறாள்.

"நீயெல்லாம் நல்லா இருப்பியாடி? இரு, உன் புருஷன்கிட்டயே சொல்றேன்" என்று போன் போட்டேன்.

நியெவு என் கையைப் பிடித்தாள்.

"வேணாங்க்கா, கட் பண்ணுங்க. தென்னந்தோப்புல ரெண்டு பேர் அரிவாளோட உட்கார்ந்திருக்கானுங்க. வெளியூர்க்காரனுங்க, மாமா முகம் தெரியாது. நரைச்ச தலைன்னுதான் அடையாளம் சொல்லியிருக்கு. வேனு அந்த வழியாத்தானே போகணும்?"

எந்தப் பாவியடி அடையாளம் சொன்னது என்றேன்.

அவள் வேனுக்குக் கை காட்டினாள். வேன் வந்து நின்றது. கிழவரை நடுச் சீட்டில், இளவட்டங்களுக்கு நடுவே உட்கார வைத்தாள்.

ரிங் போய்க்கொண்டிருந்த போனை நான் அணைக்கவே இல்லை. அப்போதுதான் பாயா எடுத்தான். குரலில் அதே குழைவு.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். எங்கப்பாவைக் கொஞ்சம் தோப்புப் பக்கம் அனுப்பி விடுங்களேன். கூட யாரும் வர வேணாம், தனியாவே வரட்டும்."

வேன் கிளம்பித் தோப்பைத் தாண்டி மறைகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்பத்தான் கண்ணசந்தாருப்பா. எழுந்ததும் அனுப்பறேன்" என்றேன்.